கைத்துப்பாக்கி ரவையை நாமே கட்டுவது: எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தை வாசன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு கழகத்தில் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் சுடுகிறேன். 25 மீற்றர்ப் போட்டிக்காக அண்மையில்தான் .22 பிஸ்டலுக்கும் மாறியிருக்கிறேன். வரும் ஓகஸ்டில் மேற்படிப்புக்காக டெக்சஸ் போகிறேன். அக்காவும் அத்தானும் அங்கே இருக்கிறார்கள். அத்தான் கராஜில் ஒரு பிரெஸ் பூட்டி 9 மி.மீ. ரவைகளைத் தானே கட்டுகிறார். வீடியோ அழைப்பில் காட்டினார். கைப்பிடியை ஒரு முறை இழுத்து விட்டால், பளபளப்பாக ஒரு ரவை தட்டில் வந்து விழுகிறது. அன்றிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

போவதற்கு முன்பே கற்றுக்கொள்ள ஆசை. எந்த வகைப் பிரெஸ் தொடக்கக்காரனுக்கு நல்லது? சின்னதாக ஒன்றைத் தபாலில் வரவழைத்து, சுட்டபின் மிஞ்சும் வெற்றுப் பித்தளைக் கோதுகளை வைத்து இங்கேயே கையைப் பழக்கலாமா? என்னுடைய .22க்கும் இப்படிக் கட்ட முடியுமா? உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

பஞ்சிகாவத்தைக் கடைசல் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் சுலபம். .22ஐ மறந்துவிடுங்கள் தம்பி.

அந்தக் கோதின் அடியைப் பாருங்கள். நடுவில் பிரைமர் என்று தனியாக ஒரு பொத்தான் இருக்காது. தீமூட்டும் கலவையை ஈரப்பதத்தில் உள்ளே இட்டு, கோதைச் சுழற்றி, அடிவிளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். சுடும்போது ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி, உள்ளே மறுபடி கலவை ஏற்றுவது வீட்டு வேலையே அல்ல. 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .45 போன்றவற்றில் பிரைமர் நடுவில் தனியாக இருக்கிறது. அதைத் தட்டி வெளியேற்றிவிட்டுப் புதியதை அழுத்தலாம். இந்தக் கலை முழுவதும் அந்த ஒரு வசதியின்மேல்தான் நிற்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒரே துளை உள்ள கோது பொக்சர் வகை. இரண்டு சின்னத் துளைகள் உள்ளது பேர்டன் வகை. பேர்டன் கோதைத் தெரியாமல் பிரெஸ்ஸின் அச்சுக்குள் தள்ளினால், பழைய பிரைமரை வெளியே தள்ளும் ஊசி வளையும் அல்லது முறியும். இரண்டுமே 1866ஐ ஒட்டி வந்தவை. பொக்சர் பிரிட்டிஷ் படை அதிகாரி, பேர்டன் அமெரிக்கர். பிரிட்டிஷ்காரர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் வேரூன்றியது, அமெரிக்கர் கண்டுபிடித்தது ஐரோப்பியப் படைகளில் பரவியது. வேடிக்கைதான்.

புதுக்கடைக் கறுப்புக் கோட்டு எழுதியது:

இரண்டாவது கேள்வி என்னுடைய வேலை. அந்தத் தபாலை வரவழைக்க வேண்டாம்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இன்றும் உயிருடன் இருக்கின்றன. முதலாவது, 1996இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டு மேலும் கடுமையானது. வெடிமருந்தைச் செய்ய, வைத்திருக்க, நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் கழக அனுமதி கழகத்தின் துப்பாக்கியைக் கழகத்தின் இடத்தில் சுடுவதற்கு. வீட்டு மேசையில் ரவை கட்டுவதற்கு அது எந்த வகையிலும் குடை பிடிக்காது.

"வெற்றுக் கோதுதானே, வெறும் பித்தளைதானே" என்று அடுத்த பதிவில் எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள்.

வெள்ளவத்தை வாசன் எழுதியது:

ஐயா, எழுதத்தான் போனேன். மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை என்றால் அது ஓர் இரும்பு நெம்புகோல்தானே? பெல்ட் ஓட்டை போடும் கருவி வாங்குவதுபோல என்று நினைத்தேன்.

புதுக்கடைக் கறுப்புக் கோட்டு எழுதியது:

நெம்புகோல் இரும்புதான். அதன் பக்கத்தில் ஒரு பை நிறையச் சுட்ட கோதுகள் இருந்தால், அவை எங்கிருந்து வந்தன, எதற்காக என்று விளக்கும் பாரம் உங்கள் தோளில். அந்த விளக்கத்தை வெள்ளவத்தையில் தமிழ்ப் பெயரோடு சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் விமானம் போய்விடும்.

இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007 யூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றிய காலத்தில் நானும் இந்த ஊரில்தான் தொழில் செய்தேன். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகளில் வீட்டுத் தேடுதலில் என்னென்ன எடுத்தார்கள் என்ற பட்டியல்களை வாசித்தவன். உங்கள் பொழுதுபோக்கின் மேசையில் இருப்பவை எல்லாம் அந்தப் பட்டியலில் அழகாகப் பொருந்தும். 2024 இறுதியில்கூட, தற்காப்புக்கென முறைப்படி வழங்கிய துப்பாக்கிகளையே பாதுகாப்பு அமைச்சு திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கே காற்று இப்படி வீசுகிறது.

டலஸ் தவம் எழுதியது:

கறுப்புக் கோட்டு ஐயா இலங்கையைச் சொன்னார். நான் இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பி இங்கே வந்து விழப்போகும் குழி இன்னும் ஆழமானது. யாரும் சொல்லாமல் விடும் விடயமும் இதுதான்.

தம்பி, நீங்கள் வருவது மாணவர் விசாவில். அது குடிவரவு அல்லாத விசா. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி அந்த வகை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ ரவையோ கைவசம் வைத்திருக்கக் கூடாது. இப்போது கேளுங்கள்: அதே சட்டத்தில் "ரவை" என்பதன் வரைவிலக்கணத்துக்குள் முழு ரவை மட்டும் இல்லை. கோது, பிரைமர், சன்னம் (குழலிலிருந்து பறந்து போகும் முனை), வெடிமருந்து நான்கும் தனித்தனியாகவே அதற்குள் அடங்கும். அதாவது உங்கள் அத்தானின் கராஜில், சட்டத்தின் கண்ணில், ஒரு வெற்றுக் கோதும் ரவைதான். 2022இல் வந்த திருத்தம் அதிகபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து பதினைந்தாக உயர்த்தியது. தண்டனை ஒருபுறம் இருக்க, விசாவும் படிப்பும் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம் அவற்றில் ஒன்று. பல மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டுதான் சுடும் தளத்துக்குப் போகிறார்கள். ஆனாலும் அதை நம்பிக் கையை நீட்டுமுன் இங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரைக்கும் அத்தானின் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள். நிரந்தர வதிவிட அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. அத்தானுக்கு அது இருக்கும் என்று நினைக்கிறேன்.

தன் பாவனைக்கு ரவை கட்டக் கூட்டாட்சி அனுமதி எதுவும் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் உற்பத்தியாளர் அனுமதிப்பத்திரம் வேண்டும். நண்பர்களுக்குக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறாரா என்று அத்தானிடம் மெதுவாகக் கேட்டு வையுங்கள்.

வெள்ளவத்தை வாசன் எழுதியது:

தவம் அண்ணா, இது அத்தானுக்கே தெரியாது. இப்போதுதான் அழைத்துக் கேட்டேன். "வந்தவுடன் உன்னைக் கைப்பிடி இழுக்க விடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அமைதியாகிவிட்டார். நல்லவேளை கேட்டேன்.

சரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்க்கிறேன். என்ன நடக்கிறது என்றாவது விளங்கப்படுத்துங்கள்.

டலஸ் தவம் எழுதியது:

அதற்குத் தடையில்லை.

சுட்ட கோது நெருப்பின் அழுத்தத்தில் விரிந்து, துப்பாக்கியின் அறையின் அளவுக்குப் பெருத்திருக்கும். அதைக் கழுவி உலர்த்தி முதல் அச்சுக்குள் தள்ளினால் பழைய அளவுக்குச் சுருங்கும். அதே அச்சின் ஊசி பழைய பிரைமரையும் வெளியே தள்ளிவிடும். இரண்டாவது அச்சு வாயைக் கொஞ்சம் விரிக்கும். கொஞ்சம் என்றால், சன்னத்தின் அடி தடுக்காமல் உட்காரும் அளவுக்கு மட்டும். பிறகு புதுப் பிரைமர், அளந்த மருந்து, சன்னம். கடைசியில் விரித்த வாயைத் திரும்ப மூடுவது. ஒவ்வொன்றையும் அளவுக் குழாயில் போட்டுப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவது. வேலை இவ்வளவுதான்.

பிரெஸ்ஸில் மூன்று வகை. ஓர் இழுப்புக்கு ஒரே ஒரு வேலை செய்வது, அச்சுகளைத் திருப்பித் திருப்பி வைப்பது, எல்லா வேலையும் வரிசையாக நடந்து ஓர் இழுப்புக்கு ஒரு ரவை தருவது. அத்தான் வைத்திருப்பது மூன்றாவது வகை. பார்க்க அழகு, பழகுபவனுக்கு எதிரி. நாலைந்து காரியம் ஒரே நேரத்தில் நடக்கும்போது கண் எதைப் பார்க்கும்? முதல் வகையில் ஐம்பது கோதுகளை ஒரு துளைப் பலகையில் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மருந்து போட்டபிறகு, டோர்ச் அடித்து ஐம்பது வாய்க்குள்ளும் பார்க்கலாம். ஒன்றில் மட்டம் உயர்ந்திருந்தாலோ ஒன்று காலியாக இருந்தாலோ உடனே கண்ணில் குத்தும். எந்த இயந்திரமும் அந்த டோர்ச்சுக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

மருந்தின் அளவை நான் இங்கே எழுத மாட்டேன், வேறு யாரும் எழுதினாலும் நம்பாதீர்கள். மருந்து செய்யும் கம்பனியும் சன்னம் செய்யும் கம்பனியும் பரிசோதித்து அச்சிட்ட கைநூல்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட சன்னம், குறிப்பிட்ட நீளம் மூன்றும் சேர்ந்ததுதான் ஓர் அளவு. ஒன்றை மாற்றினால் அந்த வரி செல்லாது. தொடங்குவது எப்போதும் அட்டவணையின் கீழ்முனையிலிருந்து. மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும், அதுவும் வந்த புட்டியிலேயே. ஜாம் போத்தலில் மாற்றி வைத்து, ஆறு மாதம் கழித்து இது என்ன மருந்து என்று முகர்ந்து பார்க்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை ரொபின் எழுதியது:

இவ்வளவு பயமா? கொஞ்சம் கூடினால் கொஞ்சம் உதைக்கும், அவ்வளவுதானே?

டலஸ் தவம் எழுதியது:

இல்லை.

.38 ஸ்பெஷலை எடுத்துக்கொள்ளுங்கள். 1898 அளவில் கரும்புகை மருந்துக்கென வடிவமைத்த கோது, அதனால் உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையற்ற மருந்து அதில் அடிப்பகுதியை மட்டும் நனைத்தாற்போல் கிடக்கும். அதே கோதில் தவறுதலாக இரண்டாவது முறையும் மருந்து விழுந்தால் வழியாது, நிரம்பவும் செய்யாது, மேலே சன்னம் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுடும்போது ரிவோல்வரின் உருளை பிளக்கலாம். அதனால்தான் பழகுபவர்களுக்கு இடத்தை அடைக்கும் பருமனான மருந்தைச் சொல்கிறார்கள். இரட்டித்தால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும்.

மறுபக்கமும் உண்டு. மருந்தே விழாத ரவையில் பிரைமரின் வேகம் மட்டும் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளிப் பாதியில் நிறுத்திவிடும். "டப்" என்று மெலிந்த ஒரு சத்தம், உதைப்பே இருக்காது. போட்டி அவசரத்தில் அடுத்த குண்டை அதன் பின்னால் அனுப்பினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மாறியதா, நிறுத்து, இறக்கு, குழலுக்குள் பார். ரொபின், இதில் "கொஞ்சம்" என்று ஒன்று இல்லை.

பஞ்சிகாவத்தைக் கடைசல் எழுதியது:

தவம் சொன்ன முதல் அச்சைப் பற்றி நான் கொஞ்சம் பேசாவிட்டால் தூக்கம் வராது. என் பிழைப்பே கடைசல் இயந்திரத்தில். துப்பாக்கி சுட்டதில்லை, சுடும் எண்ணமும் இல்லை, ஆனால் இந்த அச்சுகளின் வரைபடங்களை இரவிரவாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

9 மி.மீ. கோது நேர் உருளை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அடியில் 9.93 மி.மீ., வாயில் 9.65 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத கூம்பு. 1902 அளவில் ஒஸ்திரியரான கேயோர்க் லூகர் ஜேர்மனியில் வடிவமைத்தது அப்படி. உருக்கு அச்சு என்றால் ஒவ்வொரு கோதுக்கும் எண்ணெய் பூசித் தள்ளி, பிறகு துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தளை உள்ளே இறுகி நின்றுவிடும். அச்சின் வாயில் உருக்கைவிடக் கடினமான டங்ஸ்டன் காபைட் வளையம் ஒன்றைப் பொருத்தியதும் பிஸ்டல் கோதுகளுக்கு எண்ணெய்த் தொல்லை போய்விட்டது. அந்த வளையத்தின் உள்முகம் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். நம்மூரில் அந்த மெருகைக் கொண்டுவர எவ்வளவு மினைக்கெட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மரியாதை.

வாயை மூடும் வேலையிலும் நுட்பம் இருக்கிறது. .38 கோதுக்கு அடியில் விளிம்பு உண்டு, அது உருளையில் தொங்கி நிற்கும். ஆகவே வாயைச் சன்னத்தின் பள்ளத்துக்குள் சுருட்டி மடக்கலாம். 9 மி.மீ. கோது அறைக்குள் முட்டி நிற்பதே தன் வாயின் ஓரத்தால். அதைச் சுருட்டினால் முட்டுவதற்கு ஓரமே இருக்காது, ரவை உள்ளே அமிழ்ந்துவிடும். விரித்ததை நேராக்கினால் போதும். மூடாமல் தளர்வாக விட்டாலும் ஆபத்து: மகசீனிலிருந்து ஏறும்போது சன்னம் உள்ளே தள்ளப்பட்டால் மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் எகிறும்.

ஸ்காபரோ சிவம் எழுதியது:

பணம் மிச்சமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குத் தெரிந்த எவருக்கும் மிச்சமாகவில்லை. ஒரு ரவையின் விலை குறைகிறது, உண்மை. கோதுதான் விலை கூடிய உறுப்பு, அதைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறார்கள். ஆனால் விலை குறைந்ததும் இரண்டு மடங்கு சுடுகிறார்கள். பிறகு தராசு, பிறகு கோது கழுவும் சுழல்பானை, பிறகு இன்னொரு பிரெஸ். 2020 தொடங்கி ஓரிரு ஆண்டுகள் வட அமெரிக்காவில் பிரைமரே கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கோதும் சன்னமும் வைத்திருந்தவர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இங்கே கனடாவில் கதை வேறு. 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் உறைநிலையில். சில விலக்குகள் தவிர, ஏற்கெனவே பதிவில் இருப்பவர்கள் மட்டும் சுடுகிறார்கள். ஆகவே தொடங்குவது எப்படி என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

ஹரோ மாமி எழுதியது:

பிரித்தானியாவில் 1996 டன்பிளேன் பாடசாலைப் படுகொலைக்குப் பிறகு, 1997இல் இரண்டு சட்டங்கள் வந்து கைத்துப்பாக்கியே போய்விட்டது, .22 உட்பட. றைபிள்காரர்கள் ரவை கட்டுகிறார்கள், ஆனால் பிரைமர் வாங்கவும் சான்றிதழ் காட்ட வேண்டும். என் மகனுக்கு இந்த ஆசை வந்தபோது நான் மீன் பிடிக்க அனுப்பினேன்.

டலஸ் தவம் எழுதியது:

சிவம் அண்ணா, பணத்துக்காகத் தொடங்குபவன் ஏமாறுவான் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் காரணம் பணம் மட்டுமல்ல. நடைமுறைச் சுடுதல் போட்டிகளில் ரவைக்கு ஒரு சக்திக் கணக்கு உண்டு. சன்னத்தின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. கீழ்ப்பிரிவுக்கு 125 வேண்டும். 124 கிரெய்ன் சன்னம் விநாடிக்கு 1050 அடி போனால் 130 வருகிறது, தப்பித்தீர்கள். கடை ரவை அதைவிட எவ்வளவோ மேலே நின்று கையை வீணாக உதைக்கும். கோட்டுக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும் ரவை கடையில் கிடைப்பது அரிது. கிரெய்ன் என்பது ஒரு இறாத்தலில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. தராசு அதிலும் பத்தில் ஒன்றைக் காட்ட வேண்டும், மின்விசிறி ஓடினால் முள் ஆடும். இந்த நுணுக்கத்தில் சுகம் காண்பவனுக்குத்தான் இந்த வேலை.

பம்பலப்பிட்டி நிர்மலா எழுதியது:

வாசன், நானும் பிஸ்டல்காரிதான், உங்களைவிட வயதில் மூத்தவள், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது அந்த நுணுக்கம் என்றால் அது உங்கள் கழகத்திலேயே இருக்கிறது.

.22ஐக் கட்ட முடியாது, ஆனால் தெரிவு செய்யலாம். ஒரே கம்பனியின் ஒரே பெயர் கொண்ட பெட்டிகளே தொகுதிக்குத் தொகுதி மாறும். பெரிய போட்டிக்காரர்கள் தங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பேர்மிங்ஹாமில் எலி கம்பனிக்கோ ஜேர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவாவுக்கோ போய், குழலை இறுகப் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்குப் பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்குகிறார்கள். காற்றுப் பிஸ்டலில் உங்கள் பெலட் என்ற சின்ன ஈயக் குண்டுகளின் தகரத்தைத் திருப்பிப் பாருங்கள். தலை அளவு 4.49 அல்லது 4.50 என்று ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். எதை உங்கள் குழல் விரும்புகிறது என்று தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பாவாடை எனும் பின்விளிம்பு நசுங்கியவற்றைப் பொறுக்கி எடுக்கிறீர்களா? பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. அகலம். அதில் இது தெரியும். பிரெஸ்ஸைக் கனவு காண்பவர்கள் பலர் பெலட்டைக் கைநிறைய அள்ளிக் காற்சட்டைப் பையில் போடுவதைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ரவை கட்டுவது இலக்குச் சுடுதலில் உண்மையாகப் பயன்படும் இடம் 25 மீற்றர் நடுப்பிரைமர்ப் பிஸ்டல். ஒலிம்பிக்கில் இல்லை, உலகச் சாம்பியன் போட்டிகளில் உண்டு. பலர் .32 கலிபரில் தட்டைத் தலை ஈயச் சன்னம் வைத்துச் சுடுகிறார்கள். கடதாசியில் காகிதம் குத்தும் கருவி போட்டதுபோல் சுத்தமான வட்டம் விழும், புள்ளி எண்ணச் சண்டை வராது. நீங்கள் அங்கே போய்ச் சேர இன்னும் காலம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ரொபின் எழுதியது:

அக்கா பேசுவதைக் கேட்டபிறகு எனக்கும் பெலட் பொறுக்கத் தோன்றுகிறது.

அது போகட்டும். எங்கள் அப்பப்பா வன்னியில் தோட்டத் துவக்குக்குத் தானே தோட்டா அடைத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் இதுதானா?

பஞ்சிகாவத்தைக் கடைசல் எழுதியது:

உறவுதான், ஒன்றுவிட்ட உறவு. சொட்கன் தோட்டாவில் சன்னத்துக்குப் பதில் ஈயக் குண்டுமணிகள், மருந்துக்கும் அவற்றுக்கும் இடையில் தக்கை. இறுக்கமும் அழுத்தமும் வேறு கணக்கு. பழைய ஆட்கள் கரும்புகை மருந்தை அகப்பையால் அளந்தார்கள், அது ஓரளவு மன்னிக்கும். புகையற்ற மருந்தை அப்படி அகப்பையால் அள்ளினால் மன்னிக்காது.

வெள்ளவத்தை வாசன் எழுதியது:

நிர்மலா அக்கா, தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்ததில்லை. சனிக்கிழமை கழகத்தில் பயிற்றுநரிடம் கேட்கிறேன்.

தபால் யோசனையைக் கைவிட்டேன். கைநூல் ஒன்றை மட்டும் வாங்கி வாசிக்கப் போகிறேன், அது வெறும் புத்தகம்தானே ஐயா? கடைசியாக ஒன்று: அக்காவுக்கு இரண்டு வயதில் பிள்ளை இருக்கிறது. கராஜ் வீட்டோடு ஒட்டியது. அத்தான் கோதுகளை உலர்ந்த மரத்தூளில் சுழற்றித்தான் துடைக்கிறார்.

புதுக்கடைக் கறுப்புக் கோட்டு எழுதியது:

புத்தகம் வாசிக்கலாம். விமானத்தில் வரும்போது அத்தான் நினைவுப்பொருளாகத் தரும் கோதுச் சாவிக்கொத்தை மட்டும் பெட்டிக்குள் போடாதீர்கள்.

டலஸ் தவம் எழுதியது:

பிள்ளை விடயம் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. பெரும்பாலான பிரைமர்களின் கலவையில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அந்தக் கரி கோதுக்குள் தங்கும். உலர்ந்த தூளில் சுழற்றினால் அது தூசியாகிக் காற்றில் மிதக்கும், தரையில் படியும், தவழும் பிள்ளையின் கைக்கு வரும். அத்தானிடம் சொல்லுங்கள்: தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுச் சுழற்றும் முறைக்கு மாறட்டும், அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். அந்தச் செருப்பு கராஜிலேயே கிடக்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அத்தானுக்கும் பிள்ளைக்கும் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைதான், கேட்டால் எழுதித் தருவார்கள்.